விதைப் பாக்கெட்டில் இருக்கு, எண்ணெய்ப் பாக்கெட்டில் இல்லை

சூப்பர் மார்க்கெட்டில் இப்போதெல்லாம் 'ஆர்கானிக்' என்று தனியாக ஒரு அலமாரி வைத்துவிடுகிறார்கள். பச்சை போர்டு, சணல் கயிறு, பழுப்பு நிறக் காகிதப் பை. அதில் இருக்கும் துவரம் பருப்புக்கும் எதிர் அலமாரித் துவரம் பருப்புக்கும் விலையில் பெரிய வித்தியாசம். ஏன் என்று கேட்டால் கடைப் பையன், "அது இயற்கை சார்" என்பான். அப்போ எதிரில் இருப்பது செயற்கையா? :-)

விலையைப் பற்றிப் புலம்புவதற்காக இதை எழுதவில்லை. எந்தப் பாக்கெட் பேசியே ஆக வேண்டும், எந்தப் பாக்கெட் வாயை மூடிக்கொண்டு இருக்கலாம் என்பதுதான் மேட்டர். என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அப்புறம் திட்டுபவர்கள் வசதியாகத் திட்டலாம். மரபணு மாற்றிய பயிரிலிருந்து வந்த பொருள் உணவில் இருந்தால், பாக்கெட்டில் அதை எழுதியே ஆக வேண்டும். அது விஷம் என்று நான் சொல்லவில்லை. இன்றைக்கு இருக்கும் ஏற்பாட்டில், 'என் பொருளில் அது இல்லை' என்று நிரூபிக்கும் செலவு முழுக்க ஆர்கானிக் விவசாயி தலையில் விழுகிறது. 'இருக்கிறது' என்று சொல்ல வேண்டியவருக்குப் பத்து பைசா செலவில்லை. பி.காம். படிக்கிறவனுக்கு இந்தக் கணக்கு இடிக்கிறது.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். விதையில்லாத் திராட்சையைக் காட்டி "இது ஜி.எம். மச்சி" என்கிறான் நம்ம வகுப்பில் ஒருத்தன். இல்லை ஐயா. விதையில்லாத் திராட்சை, விதையில்லாத் தர்பூசணி, ஹைபிரிட் தக்காளி, பிராய்லர் கோழி எதுவுமே அந்தக் கணக்கில் வராது. அவையெல்லாம் கலப்பு, தேர்வு, பதியன் என்று பழைய வழிகளில் வந்தவை. மரபணு மாற்றம் என்றால் ஆய்வகத்தில் ஒரு மரபணுவை, பெரும்பாலும் வேறோர் உயிரினத்திலிருந்து எடுத்து, பயிருக்குள் வைப்பது. பி.டி. பருத்தியில் வைத்தது மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியாவின் மரபணு. அந்த மரபணுவால் செடியே ஒரு புரதத்தைத் தயாரிக்கும், அதைத் தின்ற காய்ப்புழு சாகும்.

இதில் ஒரு வேடிக்கை. அதே பாக்டீரியாவைத் தூளாகவோ கரைசலாகவோ செடி மேல் தெளித்தால் ஆர்கானிக் விதிகள் அதை ஏற்றுக்கொள்கின்றன. செடிக்குள் மரபணுவாக வைத்தால் ஆர்கானிக் பட்டியலிலிருந்து வெளியே. தர்க்கமே இல்லையே என்று தோன்றும். ஆனால் ஆர்கானிக் முத்திரை என்பது 'இது உடம்புக்கு நல்லது' என்ற சர்டிபிகேட் இல்லை. 'இதை இந்த முறையில் விளைவித்தேன்' என்ற வாக்குமூலம். முறையைப் பற்றிய பேச்சு அது, விளைவைப் பற்றியது இல்லை. இந்த ஒரு விஷயம் புரிந்தால் இணையத்தில் நடக்கும் பாதிச் சண்டை தேவையே இல்லை.

சரி, இந்தியாவில் எந்த ஜி.எம். பயிர் இருக்கிறது? கத்திரிக்காய்ச் சண்டை எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும், அல்லது வீட்டில் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். 2009 அக்டோபரில் மத்திய அரசின் மரபணுப் பொறியியல் மதிப்பீட்டுக் குழு பி.டி. கத்திரிக்குப் பச்சைக்கொடி காட்டியது. 2010 பிப்ரவரி 9 அன்று அப்போதைய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் அதை நிறுத்திவைத்தார். தமிழ்நாட்டில் நம்மாழ்வார் ஊர் ஊராகப் போய் எதிர்த்துப் பேசினார். கடுகுக்கு 2022 அக்டோபரில் அதே குழு பரிந்துரை கொடுத்தது. உச்ச நீதிமன்றத்தில் 2024 ஜூலையில் இரண்டு நீதிபதிகளும் ஆளுக்கொரு தீர்ப்பு எழுதினார்கள். ஆக, அனுமதியோடு வயலில் பரவிய ஒரே பயிர் பருத்தி. 2002-லிருந்து.

பருத்தி துணிக்குத்தானே என்று விட்டுவிட்டோம். அங்கேதான் கோட்டை விட்டோம். செடியிலிருந்து எடுக்கும் பருத்தியில் பஞ்சு மூன்றில் ஒரு பங்குதான். மீதி ஏறக்குறைய எல்லாமே கொட்டை. எடைக் கணக்கில் பார்த்தால் பருத்தி விவசாயி கொட்டை விவசாயி, பஞ்சு அவருக்கு உபரி! ஜின்னிங் மில்லில் பஞ்சு ஒரு பக்கம், கொட்டை ஒரு பக்கம் பிரியும். கொட்டை எண்ணெய் ஆலைக்குப் போகும். எண்ணெய் சுத்திகரித்து டின்னில் ஏறும், புண்ணாக்கு மாட்டுக்குப் போகும். இந்தியாவில் ஆண்டுக்குப் பத்து லட்சம் டன்னுக்கு மேல் பருத்திக்கொட்டை எண்ணெய் எடுக்கிறார்கள். குஜராத்தில் அது வீட்டுச் சமையல் எண்ணெய். நம் பக்கம் நேரடியாக வாங்குபவர்கள் குறைவு. ஆனால் மிக்சர், சிப்ஸ் பாக்கெட்டைத் திருப்பி, எறும்பு சைஸ் எழுத்தில் இருக்கும் பட்டியலைப் பாருங்கள். 'சமையல் எண்ணெய்' என்று போட்டு அடைப்புக்குறிக்குள் பாமாயிலோடு இதுவும் சில சமயம் உட்கார்ந்திருக்கும். நாட்டின் பருத்திப் பரப்பில் 90 சதவீதத்துக்கு மேல் பி.டி. மீதியை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

மதுரைக்காரர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது, ஆனால் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பருத்திப்பால். கொட்டையை ஊறவைத்து, ஆட்டி, பிழிந்து, சுக்கும் ஏலக்காயும் கருப்பட்டியும் போட்டுக் காய்ச்சித் தருவார்களே, அதேதான். சளிக்கு நல்லது, பாரம்பரியம், இயற்கை என்று எத்தனை முகநூல் படங்கள்! அந்தக் கொட்டை எந்தச் செடியில் காய்த்தது? பத்தில் ஒன்பது வயலில் பி.டி. நிற்கும் நாட்டில், அது பழைய நாட்டுப் பருத்தியாக இருந்தால் அது அதிர்ஷ்டம். நான் குடிக்காமல் இருக்கப் போவதில்லை. தள்ளுவண்டி அண்ணாச்சி போர்டு எழுதி மாட்ட வேண்டும் என்றும் கேட்கவில்லை, அவருக்கே தெரியாது. 'பாரம்பரியம்' என்ற சொல்லுக்குள் எதை வேண்டுமானாலும் ஊற்றிக் குடித்துவிடுவோம் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

என் பெரியப்பா பெரம்பலூர் பக்கம் பருத்தி போடுகிறார். அவர் வாங்கும் விதைப் பாக்கெட்டை ஒரு லீவில் எடுத்து வரி வரியாகப் படித்தேன் (கணக்குப் பதிவியல் படித்தால் இப்படித்தான், எதைப் பார்த்தாலும் படிக்கத் தோன்றும்). எல்லாமே இருந்தது. பி.டி. என்று பெரிதாக. எந்த வகை, என்ன மரபணு, முளைப்புத்திறன் எவ்வளவு, எந்த லாட், எப்போது காலாவதி. அவ்வளவு விவரமும் எழுத வேண்டும் என்று சட்டம் இருக்கிறது, எழுதுகிறார்கள், எழுதியும் விற்பனை குறையவில்லை. ஆக, இந்தச் சங்கிலியின் முதல் கண்ணியில் தகவல் முழுசாக இருக்கிறது. அங்கிருந்து ஒழுங்குமுறை விற்பனைக் கூடம், ஜின்னிங், ஆலை, ரீஃபைனரி என்று போகப் போக ஒவ்வொரு இடத்திலும் கொஞ்சம் கொஞ்சமாக உதிர்ந்து, பாக்கெட்டில் வரும்போது ஒன்றும் மிச்சமில்லை. தகவல் இல்லாததால் வந்த மௌனம் இல்லை இது. தகவல் இருந்தது. யாரும் தூக்கிக்கொண்டு வரவில்லை.

"ஆர்கானிக்கா மாறிப் பார்க்கலாமே பெரியப்பா" என்று சும்மா கேட்டேன். "பி.டி. இல்லாத வெத எங்கடா கெடைக்குது? கடையில கேட்டா சிரிக்கிறான்" என்றார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

இனி கடல் கடந்து வருவது. இந்தியா சமீப ஆண்டுகளில் ஆண்டுக்கு முப்பது லட்சம் டன்னுக்கு மேல் சோயா எண்ணெய் இறக்குமதி செய்கிறது. பெரும்பகுதி அர்ஜென்டினாவிலிருந்தும் பிரேசிலிலிருந்தும். அந்த இரண்டு நாடுகளிலும் சோயா ஏறக்குறைய முழுக்க ஜி.எம். இதில் நம் சட்டம் செய்யும் கூத்தைப் பாருங்கள். 2020 ஆகஸ்டில் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. ஓர் உத்தரவு போட்டது. 24 உணவுப் பயிர்களின் பட்டியல் கொடுத்து, இவை இறக்குமதியாகும்போது 'ஜி.எம். அல்ல' என்ற சான்றிதழ் கூடவே வர வேண்டும், தற்செயலாகக் கலந்தது 1 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்றது. 2021 மார்ச் முதல் அமல். ஆப்பிள், அன்னாசி, உருளைக்கிழங்கு எல்லாம் பட்டியலில் உண்டு. சோயாவும் உண்டு. ஆனால் அந்த உத்தரவு பயிராக வரும் சரக்குக்கு. அதே சோயாவைப் பிழிந்து எண்ணெயாகக் கொண்டுவர 2007-லேயே அனுமதி ஆகிவிட்டது. 2021 ஆகஸ்டில் கோழித் தீவன விலை ஏறியபோது 12 லட்சம் டன் ஜி.எம். சோயாப் புண்ணாக்குக்கும் கதவு திறந்தது. பயறாக வந்தால் வாசலில் நிறுத்து, எண்ணெயாக வந்தால் உள்ளே வா, புண்ணாக்காக வந்தால் கோழிக்குப் போடு. மூன்றும் ஒரே செடி.

எண்ணெயில் மரபணுவும் இல்லை, புரதமும் இல்லை, சுத்திகரிப்பில் எல்லாம் போய்விடும், எனவே அது ஜி.எம். இல்லை என்பது தொழில்துறையின் பதில். முதல் பாதி பெருமளவு சரி. இரண்டாம் பாதிக்குப் பிறகு வருகிறேன்.

அதற்கு முன், லேபிள் ஒட்டச் சொல்லி சட்டமே வரவில்லையா என்று கேட்பீர்கள். வந்தது. எடையளவுச் சட்டத்தின் பாக்கெட் பொருள் விதிகளைத் திருத்தி, ஜி.எம். உணவு உள்ள ஒவ்வொரு பாக்கெட்டின் முகப்பிலும் மேலே 'ஜி.எம்.' என்று எழுத வேண்டும் என்று 2013 ஜனவரி 1 முதல் விதி. நுகர்வோர் துறை போட்டது அது. உணவுப் பாதுகாப்பு சுகாதாரத் துறையின் கீழ், பயிர் அனுமதி சுற்றுச்சூழல் துறையின் கீழ். மூன்று துறை, ஒரு பந்து, கோல் போஸ்ட் எங்கே என்று யாருக்கும் தெரியாது. 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம் 22-ஆம் பிரிவில், விதிகள் அனுமதித்தால் தவிர ஜி.எம். உணவை யாரும் தயாரிக்கவோ விற்கவோ கூடாது என்கிறது. அந்த விதிகளுக்கு 2021 நவம்பரில் ஒரு வரைவு, 2022 நவம்பரில் திருத்திய இன்னொரு வரைவு. நானும் இதை எழுத ஆரம்பித்த பிறகு கடைக்குப் போகும்போதெல்லாம் எண்ணெய் பாக்கெட் முகப்பைப் பார்க்கிறேன். 'இதயத்துக்கு நல்லது' பார்த்தேன், 'வைட்டமின் ஏ, டி சேர்த்தது' பார்த்தேன். அந்த இரண்டு எழுத்தை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை.

2018-ல் டெல்லியைச் சேர்ந்த அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் கடைகளில் வாங்கிய 65 உணவுப் பொருட்களைச் சோதித்தது. 32 சதவீதத்தில் ஜி.எம். இருந்தது. பெரும்பாலும் இறக்குமதிச் சரக்கு. 'ஜி.எம். இல்லாதது' என்று எழுதி ஒட்டியிருந்த சிலவும் அதில் மாட்டின.

இப்போது மறுபக்கம், அதாவது பேசியே ஆக வேண்டிய பாக்கெட். ஒரு விவசாயி 'ஆர்கானிக்' என்று எழுத வேண்டுமானால் இரண்டு வழி. ஒன்று, வணிக அமைச்சகத்தின் கீழ் அபெடா நடத்தும் தேசியத் திட்டம், 2001-லிருந்து இருக்கிறது. மூன்றாம் நபர் நிறுவனம் ஒன்று வந்து ஆய்வு செய்து சான்று தரும். தமிழ்நாட்டில் இதற்கு அரசுத் துறையே உண்டு, அங்ககச் சான்றளிப்பு என்று பெயர் (அங்ககம் என்றால் ஆர்கானிக். இந்தச் சொல்லைக் கண்டுபிடித்தவர் யாரென்று தெரிந்தால் ஒரு பருத்திப்பால் வாங்கித் தரலாம்). இன்னொன்று, வேளாண் அமைச்சகத்தின் பங்கேற்பு உத்தரவாத முறை. விவசாயிகள் குழுவாகச் சேர்ந்து ஒருவர் வயலை ஒருவர் சரிபார்ப்பது. 2017-ன் ஆர்கானிக் உணவு விதிகள் வந்த பிறகு 'ஜைவிக் பாரத்' முத்திரையும் சேர்ந்தது. ஆண்டுக்கு 12 லட்சம் ரூபாய்க்குள் வியாபாரம் செய்து நேரடியாக விற்கும் சின்ன விவசாயிக்குச் சான்றிலிருந்து விலக்கு உண்டு, ஆனால் அந்த முத்திரையை அவர் போட முடியாது.

மூன்றாம் நபர் சான்று வாங்குவதென்றால் சும்மா இல்லை. ஓராண்டுப் பயிருக்கு இரண்டு ஆண்டு, மரப்பயிருக்கு மூன்று ஆண்டு மாறுதல் காலம். அந்தக் காலத்தில் ஆர்கானிக் முறையில் விளைவிக்க வேண்டும், ஆனால் ஆர்கானிக் என்று சொல்லி விற்க முடியாது. மகசூல் குறைவு, விலை பழைய விலை. என்ன விதை, எங்கே வாங்கினேன், என்ன போட்டேன், எப்போது போட்டேன் என்று எல்லாவற்றுக்கும் ஏடு. பக்கத்து வயலிலிருந்து மருந்து வராமல் இருக்க வரப்போரம் இடைவெளி, அதுவும் இவர் நிலத்தில்தான். மருந்து அடிக்கிறவர் இடம் விட வேண்டியதில்லை, அடிக்காதவர் விட வேண்டும்! ஆய்வுக் கட்டணம், பயணச் செலவு, தேவைப்பட்டால் மாதிரிச் சோதனை. இதெல்லாம் சேர்ந்துதான் அந்தக் காகிதப் பையின் விலை. கடைக்காரர் லாபமும் உண்டு, இல்லையென்று சொல்லவில்லை.

எகனாமிக்ஸ் பேப்பரில் ஜார்ஜ் அகெர்லாஃப் வருவார். பழைய கார் சந்தையைப் பற்றி 1970-ல் எழுதிய கட்டுரைக்காக 2001-ல் நோபல் வாங்கியவர். சரக்கின் தரம் விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது என்றால், வாங்குபவர் எல்லாவற்றுக்கும் ஒரு சராசரி விலைதான் தருவார், நல்ல சரக்கு வைத்திருப்பவர் கட்டுப்படியாகாமல் வெளியேறுவார், கடைசியில் சொத்தைதான் சந்தையில் மிஞ்சும். காரையாவது ஆறு மாதம் ஓட்டினால் தெரிந்துவிடும். ஆர்கானிக் பருப்பைச் சாம்பார் வைத்துத் தின்ற பிறகும் அது ஆர்கானிக்கா என்று நாக்குக்குத் தெரியாது. இப்படிப்பட்ட பொருளுக்கு நம்பிக்கைதான் விலை. அந்த நம்பிக்கையைத் தனியாக நின்று சம்பாதிக்க வேண்டியவர் விவசாயி.

அந்த நம்பிக்கை உடையும்போது என்ன ஆகும் என்பதையும் பார்த்திருக்கிறோம். 2010 ஜனவரியில் ஜெர்மன் வணிக நாளிதழ் ஒன்று, இந்தியாவிலிருந்து போன ஆர்கானிக் பருத்தியில் ஜி.எம். பருத்தி கலந்திருப்பதாகச் செய்தி போட்டது. 90 சதவீதம் பி.டி. நிற்கும் நாட்டில் விதையும் கலக்கும், மகரந்தமும் கலக்கும், ஜின்னிங் மில்லிலும் கலக்கும், வேண்டுமென்று கலப்பவர்களும் இருப்பார்கள். 2020-ல் இந்திய எள்ளில் எத்திலீன் ஆக்சைடு இருப்பது தெரிந்து ஐரோப்பாவில் பொருட்களைத் திரும்பப் பெற்றார்கள். ஆர்கானிக் என்று போன எள்ளும் அதில் அடக்கம். அதன் பிறகு சில இந்தியச் சான்று நிறுவனங்களின் அங்கீகாரத்தை ஐரோப்பிய ஒன்றியம் நீக்கியது. 2021 ஜனவரியில் அமெரிக்க வேளாண் துறை, அபெடாவின் அங்கீகாரத்தை ஏற்றுக்கொள்ளும் ஏற்பாட்டையே முடித்துக்கொண்டது.

இதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. ஆடிட்டிங் பேப்பரில் முதல் மாதமே சொல்லித் தருவார்கள், யார் கணக்கைத் தணிக்கை செய்கிறாயோ அவர்தான் உனக்குச் சம்பளம் தருகிறார் என்பது இந்தத் தொழிலின் பிறவி வியாதி. ஆர்கானிக் சான்றிலும் அதே வியாதி. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். ஆர்கானிக்கில் ஊழல் என்றால் செய்தி வரும், ஏனென்றால் அங்கே ஒரு வாக்கு கொடுக்கப்பட்டிருக்கிறது. வாக்கே கொடுக்காத எண்ணெய் டின்னில் ஊழல் என்று எதைச் சொல்வது?

இப்போது அந்த 'எண்ணெயில் மரபணுவே இல்லை' வாதத்துக்கு வருவோம். தணிக்கையில் இரண்டு வேலை உண்டு. ஒன்று குடோனுக்குப் போய் சரக்கை நேரில் பார்ப்பது. இன்னொன்று வவுச்சரைப் பார்ப்பது, அதாவது இந்தச் சரக்கு எங்கிருந்து வந்தது என்று காகிதத்தைப் பின்தொடர்ந்து போவது. அமெரிக்காவில் 2022 ஜனவரி 1 முதல் ஜி.எம். தகவல் கட்டாயம். ஆனால் அந்த விதியை எழுதியபோது முதல் வழியில் போனார்கள். சோதனையில் மரபணு தெரியாத அளவுக்குச் சுத்திகரித்த எண்ணெய்க்கும் சர்க்கரைக்கும் விலக்குக் கொடுத்தார்கள். அதை எதிர்த்து வழக்கும் நடந்தது. ஐரோப்பா 2003-லேயே இரண்டாம் வழியில் போய்விட்டது. எண்ணெயில் ஒன்றும் தெரியாவிட்டாலும், ஜி.எம். சோயாவிலிருந்து பிழிந்தது என்றால் எழுது. தற்செயல் கலப்புக்கு 0.9 சதவீதம் வரை மன்னிப்பு. கை மாறும் ஒவ்வொரு இடத்திலும் காகிதம் கூடவே போக வேண்டும்.

எனக்கு ஐரோப்பிய வழிதான் சரி என்று படுகிறது. திருப்பதி லட்டை எந்த லேபில் சோதித்தாலும் அது திருப்பதி லட்டு என்று தெரியாது, ஆனால் எங்கே வாங்கியது என்பது நமக்கு முக்கியமாக இருக்கிறதே. ஆர்கானிக்குக்கும் நாம் கேட்பது காகிதத்தைத்தானே? அபெடாவின் டிரேஸ்நெட் என்ற மென்பொருளில் ஓர் ஆர்கானிக் மூட்டை எந்தக் குழுவிடமிருந்து எந்த ஏற்றுமதியாளருக்குப் போனது என்று பதிகிறார்கள். இரண்டு ஏக்கர் விவசாயியிடம் கேட்கிற காகிதத்தை, கப்பல் கப்பலாக எண்ணெய் இறக்கும் கம்பெனியிடம் கேட்டால் என்ன குடி முழுகிவிடும்? அவர்களிடம் சரக்கு எந்த நாட்டிலிருந்து வந்தது என்ற ஆவணம் ஏற்கெனவே இருக்கிறது. சுங்கத்துக்குக் காட்டியிருக்கிறார்கள்.

அடுத்த ஆட்சேபம் கொஞ்சம் கனமானது, நானும் யோசித்த ஒன்று. ஜி.எம். என்று எழுதினால் மக்கள் மண்டை ஓடு படம் போட்ட மாதிரி ஓடுவார்கள், அறிவியலுக்கு அவப்பெயர். அமெரிக்க தேசிய அறிவியல் கழகங்கள் 2016-ல் பெரிய அறிக்கை ஒன்று வெளியிட்டன. விற்பனையில் உள்ள ஜி.எம். உணவுகள் மற்ற உணவுகளைவிட உடலுக்கு ஆபத்தானவை என்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை என்றுதான் அதில் இருக்கிறது. நான் அதை ஏற்கிறேன். சொல்லப்போனால் பச்சைப் பருத்திக்கொட்டையில் இருக்கும் நச்சு காசிபால். அது செடி தானாகவே தயாரிப்பது, நூறு சதவீதம் இயற்கை :-) எண்ணெயைச் சுத்திகரிப்பதே அதை நீக்கத்தான்.

ஆனால் பயம் லேபிளால் வருகிறதா, மறைப்பதால் வருகிறதா? அமெரிக்காவில் வெர்மான்ட் என்ற சின்ன மாநிலம் 2016 ஜூலையில் ஜி.எம். லேபிளைக் கட்டாயமாக்கியது. கொஞ்ச நாளில் மத்தியச் சட்டம் வந்து அதை விழுங்கிவிட்டது, அது வேறு கதை. அந்த இடைவெளியில் மக்கள் மனநிலையை ஆராய்ந்து 2018-ல் கோலோடின்ஸ்கி, லஸ்க் என்ற இருவர் ஆய்வு வெளியிட்டார்கள். லேபிள் வந்த பிறகு வெர்மான்டில் ஜி.எம். எதிர்ப்பு 19 சதவீதம் குறைந்திருந்தது. கூடவில்லை, குறைந்தது. மூடி வைத்த அறையைப் பற்றித்தான் பேய்க்கதை வரும்.

உடம்புக்குக் கெடுதல் இல்லாததை ஏன் எழுத வேண்டும் என்று இன்னும் கேட்பவர்கள் பாக்கெட்டில் இருக்கும் பச்சைப் புள்ளியைப் பார்க்கவும். சைவம் என்றால் பச்சை, அசைவம் என்றால் பழுப்பு. அந்தப் பழுப்பு அடையாளம் கறி விஷம் என்றா சொல்கிறது? அதைப் பார்த்து யாரும் பிரியாணியை விடவில்லை. சாப்பிடுகிறவருக்குத் தெரிந்துகொள்ள உரிமை இருக்கிறது என்று ஒரு நாடு முடிவு செய்தது, அவ்வளவுதான். அப்போதும் செலவாகும், வியாபாரம் படுத்துவிடும் என்று சொன்னவர்கள் இருந்திருப்பார்கள். இன்று பிஸ்கட் பாக்கெட்டை எடுத்ததும் நம் கண் தானாக அந்தப் புள்ளிக்குப் போகிறது.

கட்டாயம் இல்லாமல் விட்டால் என்ன நடக்கும் என்பதற்கு இன்னொரு சாட்சி, 'ஜி.எம். இல்லாதது' என்ற லேபிள். கடலை எண்ணெயிலும் நல்லெண்ணெயிலும் இதைப் போடுகிறார்கள். ஜி.எம். நிலக்கடலையோ எள்ளோ உலகத்தில் எங்கும் வியாபாரத்துக்கு விளைவதில்லை. பொய் இல்லை, ஆனால் தேங்காய் எண்ணெயில் 'கொலஸ்ட்ரால் இல்லை' என்று எழுதுவது போன்ற உண்மை. அமெரிக்காவில் உப்புப் பாக்கெட்டிலேயே போட்டிருக்கிறார்கள். உப்புக்கு ஏதப்பா மரபணு? இருப்பவன் சொல்லாத ஊரில் இல்லாதவனெல்லாம் சொல்லிச் சொல்லிக் காசு பார்க்கிறான். உண்மையிலேயே கஷ்டப்பட்டு பி.டி. இல்லாத விதை தேடிப் பருத்தி போட்டவரின் குரல் இந்தச் சத்தத்தில் அமுங்கிப் போகிறது.

எல்லாவற்றிலும் ஒரே நாளில் லேபிள் ஒட்டு என்று நான் கேட்கவில்லை. ஹோட்டல், தள்ளுவண்டி, பால் எல்லாம் பிறகு பார்க்கலாம். ஐரோப்பாவே ஜி.எம். தீவனம் தின்ற மாட்டின் பாலுக்கு லேபிள் கேட்கவில்லை. பருத்திக்கொட்டை எண்ணெய், சோயா எண்ணெய், கனோலா எண்ணெய். பாக்கெட்டில் விற்கும் இந்த மூன்றில் தொடங்கட்டும். பெரிய கம்பெனிகள் சில டஜன்தான் இருக்கும், மிரட்டிப் பிடிக்க வேண்டியதில்லை. ஜி.எம். இல்லை என்று சொல்ல விரும்பும் எண்ணெய்க் கம்பெனி காகிதம் காட்டட்டும், காட்ட முடியாவிட்டால் இரண்டு எழுத்தை அச்சடிக்கட்டும். நிரூபிக்கும் சுமை இப்படி ஒரு பக்கமாவது மாறினால், பி.டி. இல்லாத விதைக்கு ஒரு சந்தை உருவாகும். கடையில் கேட்டால் சிரிக்க மாட்டார்கள்.

இதைச் சீக்கிரம் செய்ய வேண்டியதற்கு ஒரு காரணம், எண்ணெயைவிடப் பெரிய பொருள் வரிசையில் நிற்கிறது. 2022 மார்ச்சில் மத்திய அரசு, வெளி மரபணு எதையும் சேர்க்காமல் செடியின் சொந்த மரபணுவிலேயே திருத்தம் செய்யும் சில வகைகளுக்கு ஜி.எம். கட்டுப்பாட்டிலிருந்து விலக்குக் கொடுத்தது. 2025 மே மாதம் அப்படித் திருத்திய இரண்டு நெல் ரகங்களை அறிவித்தார்கள். ஒன்றின் பெயர் கமலா, ஹைதராபாத் நெல் ஆராய்ச்சி நிலையத்தில் சம்பா மசூரியிலிருந்து உருவாக்கியது. அறிவியலாகப் பார்த்தால் அது பி.டி. பருத்தியிலிருந்து நிறையவே வேறுபட்டது, நல்ல ரகமாகவே இருக்கலாம், நான் அதற்கு எதிரி இல்லை. ஆனால் இது மிக்சர் பொரிக்கும் எண்ணெய் இல்லை, அரிசி. விதை மூட்டையில் அந்தப் பெயர் இருக்கும். அரவை மில் தாண்டி, 25 கிலோ சிப்பத்தில் ஏறி, நம் வீட்டு அரிசி டப்பாவுக்கு வரும்போது இருக்குமா?